220 லிட்டரின் கணக்கு: மெக்லாரன் எம்பி4/2 காரும் 1984 பந்தயப் பருவமும்

1984ஆம் ஆண்டு ஃபார்முலா 1 உலகப் போட்டியில் நடைபெற்ற 16 கிராண்ட் பிரீ பந்தயங்களில் 12-ஐ மெக்லாரன் அணியின் எம்பி4/2 கார் வென்றது. ஆனால் புறப்படும் வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றுகளில் அது முதலிடம் பிடித்தது மூன்றே முறைதான். பிரேசில் நாட்டவரான நெல்சன் பிக்கே, பி.எம்.டபிள்யூ எஞ்சின் பொருத்திய பிரபாம் காரில் ஒன்பது பந்தயங்களை முதலிடத்திலிருந்து தொடங்கியும் வென்றவை இரண்டே. ஆண்டு முடிவில் அவர் 29 புள்ளிகளோடு ஐந்தாமிடத்தில் நின்றார். ஒற்றைச் சுற்றில் எந்தக் கார் வேகமானதோ அதுவே பந்தயத்தையும் வெல்லும் என்ற எதிர்பார்ப்பை இத்தனை அப்பட்டமாகப் பொய்ப்பித்த ஆண்டு அப்போட்டியின் வரலாற்றில் அரிது. எஞ்சின்தான் காரணம் என்றும், காரின் வடிவமைப்புதான் காரணம் என்றும், டயர், ஓட்டுநர், எதிரணிகளின் தடுமாற்றம் என்றும் இதற்குப் பல விளக்கங்கள் தரப்பட்டுள்ளன. அவை ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருந்தாலும், அந்த ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஒரு விதியோடு சேர்த்துப் பார்த்தால்தான் அவற்றின் எடை சரியாகத் தெரியவரும்: பந்தயத் தொலைவு முழுவதற்கும் ஒரு காருக்கு 220 லிட்டர் எரிபொருள் மட்டுமே, நடுவில் நிறுத்தி நிரப்பவும் அனுமதி கிடையாது.

இவ்விதி ஏன் வந்தது என்பதற்கு டர்போ எஞ்சினின் முன்கதையைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1966 முதல் ஃபார்முலா 1 காரில் காற்றை இயல்பாக உள்ளிழுக்கும் 3 லிட்டர் எஞ்சினையோ, காற்றை அழுத்தித் திணிக்கும் 1.5 லிட்டர் எஞ்சினையோ பொருத்தலாம் என்பது விதியாக இருந்தது. இரண்டாவது வாய்ப்பைப் பதினோரு ஆண்டுகள் யாரும் பொருட்படுத்தாதிருக்க, 1977இல் சில்வர்ஸ்டோனில் ரெனோ நிறுவனம் முதன்முதலாக ஒரு டர்போ காரைக் களமிறக்கியது. டர்போசார்ஜர் என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் ஒரு சுழலியை ஓட்டி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள அமுக்கியின் வழியாகக் காற்றை நெருக்கிச் சிலிண்டர்களுக்குள் செலுத்தும் கருவி. காற்று மிகுந்தால் எரிக்கக்கூடிய எரிபொருளும் மிகும், திறனும் பெருகும். தொடக்கத்தில் அடிக்கடி புகைந்து நின்றுபோன ரெனோ கார் 1979 ஜூலையில் டிஜோனில் ஷான்-பியேர் ஷபுயியின் கைகளில் முதல் வெற்றியைக் கண்டது. 1982இல் ஃபெராரி டர்போ எஞ்சினோடு தயாரிப்பாளர் பட்டத்தையும், 1983இல் பிக்கே ஓட்டுநர் பட்டத்தையும் வென்றதோடு பழைய 3 லிட்டர் எஞ்சின்களின் காலம் நடைமுறையில் முடிந்தது. திறன் ஆண்டுக்கு ஆண்டு கட்டுக்கடங்காமல் ஏறியதால், அதை எரிபொருளின் வழியாகவே பிடித்து நிறுத்தலாம் என்று ஆட்சிக் குழுவான ஃபிசா எண்ணியது.

220 லிட்டர் என்பது கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றலாம். ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பந்தயத்துக்கு அதைப் பங்கிட்டால் லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர்கூடக் கிடைக்காது. அக்காலத்து டர்போ எஞ்சின் முழு அழுத்தத்தில் ஓடினால் அதுகூட எட்டாத இலக்கு. இதற்கு எஞ்சினின் உட்புற வெப்பமே முதன்மைக் காரணம். அழுத்தப்பட்ட காற்று சூடேறுகிறது. சூடேறிய கலவை உரிய நொடிக்கு முன்பே தாறுமாறாக வெடித்து எரியும் 'நாக்கிங்' என்ற கோளாறு பிஸ்டனின் தலையையே துளைத்துவிடும். இதைத் தவிர்க்கப் பொறியாளர்கள் கண்ட எளிய வழி, எரிவதற்குத் தேவையான அளவைவிடக் கூடுதலாக எரிபொருளைத் தெளித்து, அது ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பத்தால் எஞ்சினைக் குளிர்விப்பது. ஆக, டர்போ எஞ்சின் குடித்த எரிபொருளில் ஒரு பங்கு காரை ஓட்டுவதற்கு அன்றி, எஞ்சினைக் காப்பாற்றுவதற்கே செலவாயிற்று. அளவுக்கட்டுப்பாடு வந்த அன்றே அந்த ஊதாரித்தனத்துக்கு விலை வைக்கப்பட்டுவிட்டது. குளிர்ந்த எரிபொருள் சுருங்கும் என்பதால், அதைக் கடுமையாகக் குளிரூட்டி அதே கொள்ளளவுக்குள் சற்றுக் கூடுதல் எடையை அடைக்கும் உத்தியை அணிகள் கையாண்டதும் இந்த நெருக்கடியின் விளைவே.

மெக்லாரனின் எஞ்சின் கதை இந்த இடத்தில்தான் பிறரிடமிருந்து விலகுகிறது. ரெனோவும் ஃபெராரியும் தாமே எஞ்சினும் காரும் செய்த நிறுவனங்கள், பி.எம்.டபிள்யூ தன் சாலைக் கார்களுக்காக வார்த்த நான்கு சிலிண்டர் இரும்புக் கட்டையையே பந்தய எஞ்சினாக வளர்த்தெடுத்துப் பிரபாமுக்குக் கொடுத்தது. மெக்லாரனின் தலைவர் ரான் டென்னிஸ் இவற்றில் எந்த வழியையும் பின்பற்றாமல், ஜெர்மனியின் வைசாக் நகரிலுள்ள போர்ஷே ஆய்வு நிலையத்திடம் கூலிக்கு எஞ்சின் வடித்துத் தரும்படி ஒப்பந்தம் செய்தார். அதற்கான பெருஞ்செலவை மன்சூர் ஓஜேயின் டாக் நிறுவனம் ஏற்றதால், எஞ்சினின் மேல் போர்ஷேயின் பெயருக்குப் பதில் டாக் என்ற பெயரே பொறிக்கப்பட்டது. பணம் கொடுப்பவர் சொற்படி வேலை செய்யும் நிலையில் போர்ஷே போன்ற பெருமைமிக்க நிறுவனம் இருந்தது என்பது சிறிய செய்தியன்று. எஞ்சின் எவ்வளவு அகலம் இருக்கலாம், புகைக்குழாய்கள் எந்த உயரத்தில் வெளிவர வேண்டும், பம்புகள் எங்கே அமைய வேண்டும் என்பனவற்றையெல்லாம் மெக்லாரனின் தலைமை வடிவமைப்பாளர் ஜான் பர்னார்ட் முன்கூட்டியே வரைந்து கொடுத்தார். போர்ஷேயின் ஹான்ஸ் மெட்ஸ்கர் அந்த எல்லைகளுக்குள் 80 பாகைக் கோணத்தில் இரு வரிசைகளாக ஆறு சிலிண்டர்கள் அமைந்த, இரண்டு டர்போக்களைக் கொண்ட 1.5 லிட்டர் எஞ்சினை உருவாக்கினார்.

பர்னார்டின் பிடிவாதத்துக்குப் பின்னே ஒரு காற்றியல் கணக்கு இருந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான காலத்தில் ஃபார்முலா 1 கார்களின் அடிப்புறம் தலைகீழான இறக்கையைப் போல வளைந்து, அதன் கீழே விரையும் காற்று காரைத் தரையோடு உறிஞ்சி வைத்திருந்தது. அடிப்புறத்தின் அந்த வளைந்த சுரங்கங்களுக்கு இடம்விடவே ஒடுங்கிய எஞ்சின் தேவைப்பட்டது. எஞ்சின் முடிவடைவதற்குள் 1983 முதல் கார்களின் அடிப்புறம் தட்டையாகவே இருக்க வேண்டும் என்று விதி மாறிவிட, எந்த நோக்கத்துக்காக அந்த வடிவம் வற்புறுத்தப்பட்டதோ அந்த நோக்கமே இல்லாமற்போயிற்று. இருந்தும் உழைப்பு வீணாகவில்லை. எஞ்சின் ஒடுக்கமாக இருந்ததால் காரின் உடலைப் பின்சக்கரங்களுக்கு முன்பாக இடுப்புபோல் குறுக்கி, காற்றைத் தடையின்றிப் பின்னிறக்கைக்கு அனுப்ப பர்னார்டால் முடிந்தது. பின்னர் ஏறத்தாழ எல்லா அணிகளும் கைக்கொண்ட இவ்வடிவத்தின் பயனை முதலில் நன்கு அறுவடை செய்தது எம்பி4/2. ஓட்டுநர் அமரும் மையக்கூட்டை அலுமினியத்துக்குப் பதிலாகக் கார்பன் இழையால் செய்யும் முறையையும் இதே அணி 1981இலேயே தொடங்கியிருந்தது; இலேசாகவும் முறுக்குக்கு அசையாமலும் இருந்த அக்கூட்டோடு கார்பன் பிரேக் தட்டுகளும் 1984இல் சேர்ந்துகொண்டன.

எஞ்சினின் திறனைக் குறித்துப் பேசும்போது எச்சரிக்கை வேண்டும். தகுதிச் சுற்றில் பி.எம்.டபிள்யூ எஞ்சின் எத்தனை குதிரைத்திறனைத் தந்தது என்பதற்குச் சொல்லப்படும் எண்களில் பல வீம்புக்குச் சொல்லப்பட்டவை. டாக் எஞ்சின் பந்தயத்தில் சுமார் 750 குதிரைத்திறனைத் தந்தது என்பதும், ஒற்றைச் சுற்று வேகத்தில் அது பி.எம்.டபிள்யூவுக்கு ஈடாகவில்லை என்பதும் மட்டும் தெளிவு. அதன் சிறப்பு வேறிடத்தில் இருந்தது. பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி, சுழற்சி வேகம், காற்றழுத்தம், வெப்பநிலை முதலியவற்றை உணரிகளின் மூலம் அறிந்து, சிப்பில் பதித்து வைத்த அட்டவணையோடு ஒப்பிட்டு, எரிபொருளை எவ்வளவு தெளிப்பது, தீப்பொறியை எப்போது தருவது என்பதை ஒவ்வொரு எரிதலுக்கும் தனித்தனியே முடிவு செய்தது. பிற அணிகளும் மின்னணுக் கட்டுப்பாட்டின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன என்றாலும், எஞ்சினும் கட்டுப்பாட்டுக் கருவியும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகளாக ஒன்றாக வளர்ந்தது இங்கேதான். நாக்கிங்கின் விளிம்புவரை துணிந்து செல்லவும், குளிர்விப்பதற்காக எரிபொருளை வீணடிக்காதிருக்கவும் அதனால் முடிந்தது. இந்த ஏற்பாடு ஒரே நாளில் கைகூடியதன்று. 1983 ஆகஸ்டில் ஜான்ட்வோர்ட்டில் அணியின் ஓட்டுநர் நிக்கி லாவ்டா ஓட்டிய, பழைய உடலில் அவசரமாக எஞ்சினைப் பொருத்திய எம்பி4/1ஈ கார் அந்த ஆண்டின் கடைசி நான்கு பந்தயங்களிலும் நோய்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தது. அந்த நான்கு பந்தயங்கள் இல்லாதிருந்தால் 1984இன் தொடக்கம் வேறு மாதிரியாக இருந்திருக்கும்.

ஓட்டுநர் இருவரும் ஒன்றுக்கொன்று நேர்மாறான பயணங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். ஆஸ்திரியரான லாவ்டா 1975, 1977 ஆண்டுகளின் உலக வாகையர். 1976இல் நூர்பர்க்ரிங்கில் தீக்காயமடைந்து பிழைத்தவர். 1979இல் ஓய்வுபெற்று 1982இல் திரும்பியவர். பிரான்சின் அலன் புரோஸ்ட் 1983 பட்டத்தை பிக்கேயிடம் இரண்டே புள்ளிகளில் இழந்து, ரெனோவிலிருந்து விலக்கப்பட்டு வந்தவர். தகுதிச் சுற்றுகளில் லாவ்டா பெரும்பாலும் புரோஸ்டுக்குப் பின்னாலேயே நின்றார். அந்த ஆண்டு முழுவதும் அவர் ஒருமுறைகூட முதலிடத்திலிருந்து புறப்படவில்லை. ஒற்றைச் சுற்றில் இளையவரை வெல்ல இயலாது என்று உணர்ந்தவர், ஞாயிற்றுக்கிழமை எரிபொருள் நிறைந்த கார் எப்படி நடந்துகொள்ளும் என்பதிலேயே கவனத்தை வைத்தார்.

பருவத்தின் போக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரேசிலில் புரோஸ்ட் வென்றார். தென் ஆப்பிரிக்காவின் கியாலாமியில் லாவ்டா முதலாவதாகவும், உதிரிக் காரில் பிட் பாதையிலிருந்து புறப்பட்ட புரோஸ்ட் இரண்டாவதாகவும் வந்தனர். ஜோல்டரில் ஃபெராரியின் மிக்கேலே அல்போரேட்டோ வென்றதும், கோடையின் நடுவே கனடாவிலும் டெட்ராய்ட்டிலும் பிக்கே வென்றதும், டாலஸ் நகரின் கொதிக்கும் வெயிலில் வில்லியம்ஸ்-ஹோண்டாவின் கேகே ராஸ்பெர்க் வென்றதும் போக, மற்றவை எல்லாம் மெக்லாரனுக்கே சென்றன. தயாரிப்பாளர் பட்டியலில் அதற்கு 143.5 புள்ளிகள், இரண்டாமிடத்து ஃபெராரிக்கு 57.5. எரிபொருள் விதியின் கை எங்கும் தெரிந்தது. வேகத்தை அடிக்கடி கூட்டிக் குறைக்க வேண்டியிருப்பதால் எரிபொருளை அதிகம் விழுங்கும் இமோலாவில், எலியோ டி ஆஞ்சலிஸின் லோட்டஸ் மூன்றாமிடத்தில் இருக்கையில் கடைசிச் சுற்றில் வறண்டு நின்றது. புதிய நூர்பர்க்ரிங்கில் புரோஸ்ட் நிம்மதியாக முதலாவதாக வந்து சேர, இரண்டாமிடத்துக்காகப் போராடிய அல்போரேட்டோவும் பிக்கேயும் இறுதிச் சுற்றில் தொட்டி காலியாகி, உந்துவிசையின்றி உருண்டே எல்லைக்கோட்டைக் கடந்தார்கள்.

டயரே காரணம் என்ற வாதம் இந்தச் சான்றுகளுக்கு முன் நிலைப்பதில்லை. மெக்லாரனுக்கு மிஷெலின் டயர்கள் கிடைத்தன என்பது மெய்தான். அதே டயரை பிரபாமும் ரெனோவும் பயன்படுத்தின, அவற்றுள் ரெனோ அந்த ஆண்டு ஒரு பந்தயத்தையும் வெல்லவில்லை. 1984 முடிவில் மிஷெலின் விலகிக்கொண்டபின் குட்இயர் டயர்களோடு ஓடிய மெக்லாரன் 1985இலும் இரு பட்டங்களையும் வென்றது. எதிரணிகள் தாமே தடுமாறின என்ற வாதம் சற்று வலுவானது; பிக்கேயின் கார் அடிக்கடி பாதியில் நின்றுவிட்டது உண்மை. எனினும் அத்தடுமாற்றத்தைத் தற்செயலாகக் கொள்ள முடியாது. தகுதிச் சுற்றுக்குத் தக்கவாறு முறுக்கேற்றிய எஞ்சினைப் பந்தய நாளில் சிக்கனமாக்க முயன்றால் வெப்பம் கூடும், சிக்கனத்தை விட்டால் தொட்டி வறளும் என்ற இருதலைக்கொள்ளி நிலையில் அது சிக்கியிருந்தது. மெக்லாரனின் கார்களும் உடையாதவை அல்ல: லாவ்டா ஆறு பந்தயங்களையும் புரோஸ்ட் ஐந்து பந்தயங்களையும் முடிக்கவில்லை. ஆனால் இருவரும் ஒரே பந்தயத்தில் விழுந்தது ஜோல்டரிலும் டாலஸிலும் மட்டுமே.

இருவருக்குமிடையே நடந்த போட்டி தனியாக ஆராயத் தக்கது. புரோஸ்ட் ஏழு பந்தயங்களையும் லாவ்டா ஐந்தையும் வென்றும், 72-க்கு 71.5 என அரைப் புள்ளியில் பட்டம் லாவ்டாவுக்குச் சென்றது; அப்போட்டியின் வரலாற்றில் இதைவிடக் குறைந்த இடைவெளி கிடையாது. இந்த அரைப் புள்ளிக்கு மொனாக்கோவைக் காரணம் காட்டுவது வழக்கம். அங்கு கடும் மழையில், 77 சுற்றுகளாகத் திட்டமிட்ட பந்தயம் 31 சுற்றுகளோடு நிறுத்தப்பட்டது. முன்னணியிலிருந்த புரோஸ்டை டோல்மன் அணியின் புதியவரான அயர்டன் சென்னா வேகமாக நெருங்கிக்கொண்டிருந்தார், லாவ்டா ஏற்கெனவே வழுக்கி வெளியேறியிருந்தார். முக்கால் தொலைவு முடியாததால் புள்ளிகள் பாதியாக்கப்பட, புரோஸ்டுக்கு 9-க்குப் பதில் 4.5 கிடைத்தது. பந்தயம் முழுதாக நடந்து அவர் சென்னாவுக்குப் பின் இரண்டாவதாக வந்திருந்தாலும் 6 புள்ளிகளைப் பெற்று 73-ஓடு பட்டத்தை வென்றிருப்பார் என்பது எளிய கூட்டல். நிறுத்த உத்தரவிட்ட பந்தய அதிகாரி ஜாக்கி இக்ஸ் போர்ஷேயின் நீண்ட தொலைவுப் பந்தய ஓட்டுநராகவும் இருந்ததால் ஐயங்கள் கிளம்பின; உரியவர்களைக் கலக்காமல் முடிவெடுத்தார் என்று அவர் பின்னர் தண்டிக்கவும் பட்டார். போர்ஷேக்காரர் போர்ஷே எஞ்சினுக்குச் செய்ததாகச் சொல்லப்பட்ட உதவி அதே எஞ்சினை ஓட்டிய புரோஸ்டின் பட்டத்துக்கு உலை வைத்தது என்பதே இதிலுள்ள வேடிக்கை.

ஆனால் மொனாக்கோவையே சுற்றிவரும் இந்தக் கணக்கு கவனத்தைத் திசைதிருப்புகிறது என்றே கொள்ள வேண்டும். லாவ்டாவின் ஐந்து வெற்றிகளையும் அருகில் வைத்துப் பார்த்தால், ஐந்திலும் புரோஸ்டுக்கு ஏதோவொரு தொல்லை நேர்ந்திருப்பது புலப்படும். கியாலாமியில் பிட் பாதைத் தொடக்கம். டிஜோனில் தளர்ந்த சக்கரம். பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் கியர் பெட்டி. ஆஸ்திரியாவில் டி ஆஞ்சலிஸின் கார் சிந்திய எண்ணெயில் வழுக்கல். மொன்சாவில் தொடக்கத்திலேயே எஞ்சின் முறிவு. இதை வைத்து லாவ்டாவை அதிர்ஷ்டசாலி என்று ஒதுக்கிவிடுவதும் அவசர முடிவாகவே அமையும். ஆஸ்திரியப் பந்தயத்தில் அவர் முன்னணியில் இருக்கையில் பெருஞ்சத்தத்தோடு நான்காவது கியர் போயிற்று. பந்தயம் முடிந்தது என்றெண்ணிக் கையை உயர்த்தி வேகத்தைக் குறைத்தவர், மற்ற கியர்கள் விழுவதைக் கண்டு அவற்றோடே தொடர்ந்து ஓட்டினார். பின்னால் வந்த பிக்கே, முன்னவரின் நிலையை அறியாமல் தன் டயர்களைப் பாதுகாத்தபடி இரண்டாமிடத்தில் நிறைவுகொண்டார். சொந்த நாட்டு கிராண்ட் பிரீயை வென்ற முதல் ஆஸ்திரியர் என்ற பெருமை லாவ்டாவுக்கு இவ்வாறே கிடைத்தது. கிடைத்த வாய்ப்பைச் சிதறவிடாத இந்த நிதானம் 220 லிட்டர் காலத்துக்கு மிகவும் பொருந்திய திறமை.

இறுதிப் பந்தயம் அக்டோபர் 21 அன்று போர்ச்சுகலின் எஸ்டோரிலில் நடந்தபோது லாவ்டா 66 புள்ளிகளோடும் புரோஸ்ட் 62.5-ஓடும் வந்தனர். புரோஸ்ட் வென்றால் லாவ்டாவுக்கு இரண்டாமிடமே வேண்டும், மூன்றாமிடம் போதாது. புரோஸ்ட் முன்வரிசையிலும் லாவ்டா பதினொன்றாவது இடத்திலும் நின்றனர். புரோஸ்ட் விரைவில் முன்னணியைப் பிடித்துப் போய்விட, லாவ்டா ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாமிடம் வந்தும் இரண்டாவதாக ஓடிய நைஜல் மான்செலின் லோட்டஸ் வெகுதொலைவில் இருந்தது. மான்செலின் பிரேக் பழுதாகி அவர் சுழன்று வெளியேறியதும் கணக்கு நேராயிற்று. வென்ற பந்தயங்களின் எண்ணிக்கையிலும் வேகத்திலும் முந்திய புரோஸ்டைவிட லாவ்டா சிறந்த ஓட்டுநர் என்று இம்முடிவு மெய்ப்பிக்கவில்லை. 9-6-4-3-2-1 என்ற அன்றைய புள்ளி முறையில், பந்தயத்தை முடித்துவைக்கும் இரண்டாமிடங்களுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதையே காட்டியது. லாவ்டா அவ்வாண்டு நான்கு முறை இரண்டாமிடம் பெற்றார், புரோஸ்ட் ஒரு முறை.

எம்பி4/2 பெற்றிருந்த முன்னிலை எவ்வளவு காலம் நிலைத்தது என்பதும் அதன் வெற்றிக்கு எது காரணம் என்ற கேள்விக்கு விடை தருகிறது. 2பி, 2சி என்று திருத்தப்பட்ட வடிவங்களோடு அக்கார் 1985இல் ஆறு, 1986இல் நான்கு என மொத்தம் 22 பந்தயங்களை வென்றது. புரோஸ்ட் அவ்விரு ஆண்டுகளிலும் உலக வாகையரானார். 1985இல் இமோலாவில் முதலாவதாக வந்த அவர், எரிபொருள் தீர்ந்த கார் குறைந்தபட்ச எடையான 540 கிலோவுக்கு இரண்டு கிலோ குறைந்துபோனதால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். 1986இல் அளவு 195 லிட்டராகச் சுருங்கியபோது ஹோண்டா நிறுவனம் இதே மின்னணுச் சிக்கனத்தைக் கற்றுத் தேர்ந்து, அதோடு கூடுதல் திறனையும் சேர்த்துக்கொண்டது. ஹாக்கன்ஹைமில் இரண்டாம், மூன்றாம் இடங்களில் ஓடிய ராஸ்பெர்க், புரோஸ்ட் என்ற இரு மெக்லாரன் ஓட்டுநர்களும் கடைசிச் சுற்றில் எரிபொருளின்றி நிற்க, ஹோண்டா எஞ்சினோடு பிக்கே வென்றார். தயாரிப்பாளர் பட்டமும் வில்லியம்ஸ்-ஹோண்டாவுக்குச் சென்றது. 1987இல் எம்பி4/3 காரில் மூன்று வெற்றிகளைச் சேர்த்து, மொத்தம் 25 வெற்றிகளோடு டாக் எஞ்சின் ஓய்வுபெற்றது. அதற்கடுத்த ஆண்டு, எரிபொருள் 150 லிட்டராகவும் டர்போ அழுத்தம் 2.5 பாராகவும் குறுக்கப்பட்ட பின், மெக்லாரன் ஹோண்டாவின் எஞ்சினையே வாங்கிப் பொருத்தி 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது.